லிஃப்டுக்குள் தோசை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். சிராங்கூன் ரோட்டில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நேரம் தவறி வருகிறவர்களை முறைப்பதற்கும் சேர்த்துத்தான் உனக்குச் சம்பளம் என்பார் என் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பயணிகளிடம் திட்டு வாங்கி வாங்கி, கோபப்படுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு நாய்கள் வர ஆரம்பித்ததும் அவரால்தான். மகன் படிப்புக்காக மெல்பர்ன் போன பிறகு அவன் அறையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். காட்டுப்பக்கமும் தொழிற்பேட்டைகளிலும் திரியும் நாய்களைக் காப்பாற்றும் தொண்டூழியர் அமைப்பு ஒன்றின் விளம்பரம் அது.

"நாயக் கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சுப் பழக்கிக் குடுக்கணுமாம். அப்புறம் வேற யாராவது தத்தெடுத்துக்குவாங்களாம்," என்றார்.

"யாரு பழக்குறது?"

"நாமதான்."

"நாமன்னா யாரு?"

அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். எதிரே நாய் வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவள் நான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. துணி காயும் அறையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் வந்தது என் செருப்புகளில் எப்போதும் இடது காலை மட்டும் கடித்துத் தின்றது. இரண்டாவது, கோயில் மணி அடித்தால் கூடவே ஊளையிடும். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றிக் கோயில்கள் என்பதால் அதற்கு நாள் முழுக்க வேலை இருந்தது. மூன்றாவது கட்டிலுக்கு அடியிலேயே குடியிருந்தது. மூன்றுக்கும் நல்ல வீடு கிடைத்துப் போய்விட்டன. நானும் பயம் தெளிந்து, எனக்கென்று சில சட்டங்கள் வைத்துக்கொண்டேன். கட்டிலில் ஏற்றக் கூடாது. பெயர் வைக்கக் கூடாது. கொடுக்கும் நாளில் அழக் கூடாது. அமைப்பு ஒவ்வொரு நாய்க்கும் ஏதாவதொரு பிஸ்கட்டின் பெயரை வைத்துத்தான் அனுப்பும். நான் எல்லாவற்றையும் குட்டி என்றுதான் கூப்பிட்டேன். ஒரே பெயராக இருந்தால் மனசு ஒட்டாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

நான்காவதாக வந்த குட்டி கறுப்பு. புருவத்துக்கு மேலே மட்டும் இரண்டு பழுப்புப் பொட்டு. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். வடக்கே கிடங்குகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தது. அதை எப்படிப் பிடித்தார்கள் என்று அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் முதல் நாளே சொன்னாள். வங்கியில் வேலை பார்க்கும் சீனப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும். ஒரு இரும்புக் கூண்டுக்குள் கோழித்துண்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் வாய் வைத்ததும் பின்னால் கதவு விழுந்துவிட்டது.

"வேற வழியில்ல ஆன்ட்டி. அங்க கட்டட வேலை ஆரம்பிக்கப் போறாங்க," என்றாள். நாங்கள் பேசியதெல்லாம் எங்கள் ஊர் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டு அவள் கீழ்த்தளத்திலேயே விடைபெற்றுப் போனதும், என் கணவர் குட்டியை லிஃப்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறிவிப்புப் பலகையில் மின்தூக்கி என்று அழகாகத் தமிழில் எழுதியிருப்பார்கள். யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கதவு திறந்தது. உள்ளே பார்த்த குட்டி அப்படியே தரையோடு தரையாகப் படுத்துச் சிறுநீர் விட்டுவிட்டது. உடம்பு முழுக்க நடுக்கம். இரும்புப் பெட்டி, தானாக மூடுகிற கதவு. அதற்கு இது இன்னொரு கூண்டு, அவ்வளவுதான். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி படியேறினார். அரிசி மூட்டை கனம் இருந்தது. அவருடைய வலது முட்டி ஏற்கெனவே பிரேக் மிதித்து மிதித்துத் தேய்ந்தது.

படியில் ஏறி இறங்கக் குட்டிக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு நாளில் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்குள் அது ஒரு தங்கம். செருப்பைத் தொடாது, குரைக்காது. நான் சமைக்கும்போது சமையலறை வாசலில் கோடு போட்டதுபோல உட்கார்ந்து, வெங்காயம் நறுக்கினால் என்னோடு சேர்ந்து கண்ணைச் சிமிட்டும். ஒரு மாதம்கூட ஆகவில்லை, தத்தெடுக்க ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

மூன்று குடும்பங்கள் வந்து பார்த்தன. மூன்று பேருக்கும் பிடித்திருந்தது. ஒரு வீடு பன்னிரண்டாவது மாடி, மற்ற இரண்டும் அதற்கும் மேலே. லிஃப்டில் ஏறாது என்று தெரிந்ததும் மூன்று பேரும் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் லிஃப்டில் ஏறாத நாய்க்கு வீடு தேடுவது லேசான வேலையில்லை. நம்மில் எத்தனை பேர் தரைவீட்டில் இருக்கிறோம்?

ஒருங்கிணைப்பாளர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆன்ட்டி, உங்க வீட்டுல ஒரு நாய்தான் இருக்கலாம். அடுத்தது ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு. குட்டிக்கு வீடு கிடைக்கலேன்னா காப்பகத்துக்குத்தான் திருப்பி எடுத்துக்கணும்."

காப்பகம் தீவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. நான் ஒருமுறை போயிருக்கிறேன். நடத்துகிறவர்கள் தங்கமான மனிதர்கள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் வரிசையாகக் கம்பிக் கதவுகள். ஒரு கதவைத் திறந்தால் அத்தனை நாய்களும் எழுந்து நின்று பார்க்கும். கூண்டுக்குப் பயந்த இந்தக் குட்டி இனிமேல் வாழ்நாள் முழுக்கக் கூண்டிலா?

"நாமளே வச்சுக்கலாமே," என்றார் கணவர். எதிர்பார்த்ததுதான்.

"வச்சுக்கிட்டா அடுத்தது எங்க போகும்? வீவக வீட்டுக்கு ஒரு நாய்தாங்க, அரசாங்கச் சட்டம். இதோட நம்ம கதவு மூடிக்கிரும்."

"மூடட்டுமே."

"உங்க முட்டி? தெனம் மூணு வேளை படியேறப் போறீங்களா? அறுபது வயசுல உங்கள யாரு தூக்கிக்கிட்டு ஏறுறது, நானா?"

அவர் குட்டியின் மடிந்த காதை நீவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவருக்கு இருக்கிற ஆசை எனக்கும் இருந்ததால் வந்த கோபம் அது.

அதனால் லிஃப்டுக்குப் பழக்குவது என்று முடிவெடுத்தோம். அமைப்பு சொன்னபடி செய்தோம். கதவைத் திறந்து வைத்து, உள்ளே தின்பண்டம் போட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். நான் வெளியே நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பேன், கதவு மூடாது. அவர் ஈரல் வறுவல், பாலாடைக்கட்டி, நாங்களே வாங்கித் தின்ன யோசிக்கிற சால்மன் என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். குட்டி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் பின்னால் போனது. மேல்மாடிக்காரர் ஒருவர், இப்படி லிஃப்டை நிறுத்தி வைத்தால் நகர மன்றத்துக்கு எழுதிப்போடுவேன் என்றார். எழுதுங்கள், பேனா இருக்கிறதா என்று கேட்டேன். கணவர் நடுவில் புகுந்து மன்னிப்புக் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். அவர் அதிகாலை வேலை முடிந்து, தேக்கா சந்தையில் எப்போதும் வாங்கும் கடையில் தோசை கட்டிக்கொண்டு நேராக வந்திருந்தார். காலையிலிருந்து வெறும் கோப்பிதான். நானும் குட்டியும் லிஃப்ட் வாசலில் காத்திருந்தோம். "முதல்ல இதை முடிப்போம், அப்புறம் சாப்பிடுங்க," என்றேன்.

"பசி உயிர் போகுதும்மா," என்றவர் யோசிக்காமல் லிஃப்டுக்குள் போய், தரையில் நாளிதழை விரித்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். பஸ் நிறுவனத்தின் சீருடையோடு. எனக்கு மானம் போயிற்று. லிஃப்டுக்குள் கேமரா வேறு. எங்கோ திரையில் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று நான் பல்லைக் கடிக்கிறேன், இவர் சட்னியில் தோய்த்துச் சாவகாசமாகச் சாப்பிடுகிறார்.

குட்டி கழுத்தை நீட்டியது. ஒரு கால் உள்ளே வைத்தது. இன்னொரு கால். பின்கால்கள் இரண்டும் வெளியே, எந்த நேரமும் ஓடத் தயாராக. அவர் அதைப் பார்க்கவே இல்லை. தோசையின் முறுகலான ஓரத்தை, சட்னி படாத இடமாகப் பார்த்துப் பிய்த்து, கையைப் பக்கவாட்டில் நீட்டினார். எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று கூண்டுக்குள் சாப்பாடு மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை. நாங்களும் நாள்கணக்காக அதே தப்பைச் செய்து, இரும்புப் பெட்டிக்குள் கறியை வைத்துவிட்டு வெளியே நின்று வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது எப்படி வரும்? ஒரு மனுஷன் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதற்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

அதிலிருந்து தினமும் தோசை. அவருடைய மதியச் சாப்பாடு லிஃப்டுக்குள் என்று ஆகிவிட்டது. சில நாளில் குட்டி நான்கு காலோடும் உள்ளே போய் அவர் தொடைமேல் தலையை வைத்துக்கொண்டது. கதவை மூடத்தான் எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அதுவும் ஒருநாள் தானாக நடந்தது. கிளினிக்கிலிருந்து போன் வந்தது, நான் பையைத் துழாவும்போது பொத்தானிலிருந்து விரல் நழுவிவிட்டது. கதவு மூடி, கணவர், குட்டி, தோசை மூன்றும் மேலே போய்விட்டன. எண் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒன்பதாவது மாடியில் பொத்தானை அழுத்தியது ஒரு மலாய் மக்சிக். கதவு திறந்ததும், தரையில் சீருடையோடு ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நாய் மென்றுகொண்டிருக்கிறது. அந்த வயதான அம்மா நாயைத் தொடாதவர். இரண்டடி பின்னால் போய், "பரவாயில்ல, சாப்பிடுங்க சாப்பிடுங்க, நான் அடுத்ததுல வர்றேன்," என்றாராம். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும்போதெல்லாம் தூரத்திலிருந்தே கையாட்டி, இன்றைக்கும் தோசையா என்று கேட்பார்.

கீழே கதவு திறந்தபோது இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள். "கதவு மூடுனதும் அவ உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டுச்சு. நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருந்தேன். அவளும் தின்னா," என்றார். அவர் குட்டியை எப்போதும் அவள் என்றுதான் சொல்வார்.

குட்டி லிஃப்டில் ஏறிவிட்டது என்று, அது மட்டும் தெரிகிற மாதிரி காணொளி எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினோம். அவள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிற முகங்களாக அனுப்பினாள். நாங்கள் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட மிதப்பில் அன்று இரவு பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் நான்காவதாக ஒருவர் கேட்டார். தோ பாயோவில் பதினான்காவது மாடியில் தனியாக இருக்கும் சீனப் பெண்மணி. பெரிய மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டுக்கு வந்து, குட்டியைத் தொடாமல், கூப்பிடாமல், நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். குட்டியே போய் அவர் காலடியில் படுத்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அதனாலேயே குடைந்து குடைந்து கேள்வி கேட்டேன். வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், வெள்ளைச் சோபாவா, முடி ஒட்டுமே, இடி இடித்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, "வார்டுல டாக்டருங்க கூட என்னை இவ்வளவு கேட்டதில்ல லா," என்றார்.

அமைப்பில் நாயை ஒப்படைப்பதற்கு ஒரு முறை உண்டு. வளர்த்தவர் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. புளோக்கின் கீழ்த்தளத்திலேயே கயிற்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. நாய் புதியவரோடு தன் காலால் நடந்து போக வேண்டும். தூக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ போனால் அந்த வீடு அதற்கு வீடாகாது என்பார்கள். முதல் மூன்று குட்டிகளும் இப்படித்தான் போயின.

ஒரு புதன்கிழமை ஒருங்கிணைப்பாளரின் காரில் போனோம். கணவருக்கு வேலை. விடுப்புக் கேட்டிருக்கலாம், அவர் கேட்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் தாதியம்மா காத்திருந்தார். கயிற்றைக் கொடுத்தேன். லிஃப்ட் கதவு திறந்தது. அவர் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தி நின்றார்.

குட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. பிறகு தரையோடு படுத்தது. முதல் நாள் பார்த்த அதே நடுக்கம். தின்பண்டம் போட்டார்கள், ஒருங்கிணைப்பாளரும் உள்ளே போய் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், கதவு பல முறை மூடித் திறந்தது. குட்டி என்னையே பார்த்தது. நான் அசையக் கூடாது. தாதியம்மா வெளியே வந்து, "இன்னைக்கு வேணாம். பயத்துல போக வேணாம்," என்றார். பிறகு, "நான் கொஞ்சம் யோசிக்கிறேன்," என்றார்.

முன்பு வந்த மூன்று குடும்பத்தாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

காரில் திரும்பும்போது குட்டி என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்குமே என்று மனசு குளிர்ந்தது. எங்கள் புளோக் வாசலில் வழக்கம்போல அது படியைப் பார்த்து நடந்தபோதுதான் காப்பகத்தின் கம்பிக் கதவுகள் ஞாபகம் வந்தன. என்ன பெண் நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விஷயத்தைக் கேட்ட கணவர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "நாம அவளுக்கு லிஃப்டு பழக்கலம்மா," என்றார் மெதுவாக. "யாராவது கீழ உட்கார்ந்து தோசை தின்னா உள்ள வரணும்னு பழக்கியிருக்கோம்."

உண்மைதான். என்னோடுகூட அது லிஃப்டில் ஏறியதில்லை. நான் நின்றுகொண்டேதான் கூப்பிட்டேன். தரையில் உட்கார எனக்கு வெட்கம். ஆக, ஒரு சீருடைக்காரர் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் மட்டுமே வேலை செய்யும் நாயை, லிஃப்டுக்குப் பழகிய நாய் என்று பெருமையடித்து ஊருக்கெல்லாம் காணொளி அனுப்பியிருக்கிறோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மறுநாள் தாதியம்மாவுக்கு நானே போன் செய்தேன். கிளினிக்கில் நோயாளிகளை அதட்டும் எனக்குக் குரல் எழும்பவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது வந்து... யாராவது லிஃப்டுல கீழ உட்கார்ந்து தோசை சாப்பிட்டாத்தான் அது உள்ள வரும்," என்றேன். சொல்லும்போதே எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று தோன்றியது. கூண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"எந்தக் கடைத் தோசை?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தேக்காவுக்கு வந்துவிட்டார். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்கள் நெருக்கியடித்து நிற்கும் வரிசையில், ஒரு கைப்பையை அணைத்துக்கொண்டு நின்று, தானே கேட்டு வாங்கினார். இரண்டு சாதாத் தோசை. கடைக்காரர் முள்கரண்டி கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றார். "குட்டி பார்த்த மாதிரியே இருக்கணும் இல்ல?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"எதிர்ல நின்னு ஊட்டுறவங்கள நோயாளிங்க நம்பமாட்டாங்க," என்றார், குட்டியையும் ஏற்றிக்கொண்டு ஒருங்கிணைப்பாளரின் காரில் போகும்போது. "பக்கத்துல உட்கார்ந்து நாமளும் ரெண்டு வாய் சாப்பிடணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல சாப்பாட்டு நேரத்துல மேட்ரன்கிட்ட எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

கீழ்த்தளத்தில் கல்மேசையைச் சுற்றி நாலைந்து சீனத் தாத்தாமார்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட வெளிர்நிறக் கால்சட்டையோடு தாதியம்மா லிஃப்டுக்குள் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முட்டி சொடக்குப் போட்டது எனக்கே கேட்டது. பொட்டலத்தைப் பிரித்து மடியில் விரித்தார். சதுரங்கம் நின்றுவிட்டது. ஒரு தாத்தா ஹோக்கியன் மொழியில் ஏதோ கேட்டார். இவர் நிமிராமல் ஏதோ பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் பழகிய அக்கம்பக்கத்தார் முன்னால் லிஃப்ட் தரையில் உட்கார்ந்து கையால் தோசை சாப்பிடுகிறார், அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் புளோக்கில் எனக்கு வராத தைரியம் அது.

ஒருங்கிணைப்பாளர் வெளியே பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாள். கயிற்றின் நுனி தாதியம்மாவின் முட்டிக்குக் கீழே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. நான் தூண் ஓரத்தில் நின்றேன். தாதியம்மா சட்னியில் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டார். காரம் போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சினார். ஓரத்தைப் பிய்த்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

குட்டி நின்றது. போ, போ என்று மனசுக்குள் சொன்னேன். அதே நேரத்தில், போகாதே என்றும் சொன்னேன். ஒரு கால் வைத்தது. இன்னொரு கால். பின்கால்கள் கொஞ்ச நேரம் வெளியே நின்றன, பிறகு அவையும் உள்ளே போயின. தோசையை வாங்கிக்கொண்டு அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்காகத் தாழ்வாக வைத்திருக்கும் பொத்தானைத் தாதியம்மா உட்கார்ந்தபடியே எட்டி அழுத்தினார். ஒருங்கிணைப்பாளர் விரலை எடுத்தாள். கதவு மூடியது.

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும், அதுதான் முறை. கால் நகரவில்லை. எண் ஏறிப் பதினான்கில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. ஏதாவது சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. பிறகு லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கீழேயே திரும்பி வருகிறதோ என்று நினைத்தேன். கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையில் ஒரு சொட்டுச் சட்னி மட்டும் இருந்தது. ஊர் லிஃப்டை அசிங்கப்படுத்திவிட்டுப் போகக் கூடாது என்று கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து, குனிந்து துடைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. என் சட்டத்தை நானே மீறி, தோ பாயோவில் முன்பின் தெரியாத தாத்தாமார்கள் பார்க்க, நன்றாகவே அழுதேன்.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். பஸ் முனையத்தில் இடைவேளையில் இருந்தார். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"தூக்கிக்கிட்டுப் போனாங்களா?"

"இல்லங்க. அவளாத்தான் நடந்து போனா."

பின்னால் பஸ் ஒன்று உறுமிவிட்டு அடங்கியது. "திரும்பிப் பார்த்தாளா?" என்றார்.

"இல்ல. ஒரு தடவைகூடப் பார்க்கல," என்றேன். சொல்லும்போது எனக்கு வலித்தது, பெருமையாகவும் இருந்தது.

அவர் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நல்லாத்தான் வளர்த்திருக்கோம்," என்றார்.